கொழுப்பு எழுதும் கடுதாசி

உங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறார்களா? இருந்தால், ஊரார் அவர்களுக்குச் சொல்லும் யோசனைகள் உங்களுக்கும் மனப்பாடமாகியிருக்கும். "ராத்திரி சாதத்தை நிறுத்திப் பாரேன்." "வெந்நீரில் தேனைக் கலந்து குடியேன்." "மத்தியானம் தூங்குகிறாயோ?" இதையெல்லாம் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக இருந்தால் போதும். இவை தவிர இன்னொரு வாசகமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பார்வையிலேயே வந்துவிடும். "வாயைக் கட்டத் தெரியாதவள்!"

அந்தக் கடைசி வாசகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச உத்தேசம். வாயைக் கட்டுவதில் நம் கையில் இருப்பது எவ்வளவு, நம் கையை மீறியது எவ்வளவு என்ற கேள்விக்கு எழுபது எண்பது வருஷமாக விஞ்ஞானிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடை கண்டுவந்திருக்கிறார்கள். அந்த விடை ஒரு சுண்டெலியிடம் ஆரம்பிக்கிறது. சுண்டெலி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதை எங்கேயும் ஓடிப்போகாது. இதைப் படித்துவிட்டே போகலாம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்று ஒரு மாநிலம். அங்கே கடலோரத்தில் பார் ஹார்பர் என்ற சிற்றூர். அந்த ஊரில் 1929-ல் ஜாக்ஸன் ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. நாம் எலியை விரட்டப் பொறி வாங்குகிறோம். அவர்கள் எலியைத் தொட்டில் கட்டி வளர்க்காத குறைதான். வம்சாவளி எழுதி, கலப்பில்லாமல் வளர்த்து, உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். 1947 அக்டோபரில் பெரிய காட்டுத்தீ ஒன்று பரவி அந்த இடத்தை அழித்தது. எலிகளில் பெரும்பகுதி மாண்டுபோயின. முன்பு எலிகளை வாங்கிக்கொண்டு போனவர்கள் அவற்றின் குட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த வீட்டில் தீப்பிடித்தபோது, கட்டிக்கொடுத்த பெண்கள் தங்கள் சீர்ப் பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தது போல! அப்படித்தான் அந்த இடம் மறுபடி எழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1949-ல், அங்கே பிறந்த குட்டிகளில் ஒன்று அசாதாரணமாகப் பருத்தது. அதன் வம்சத்தில் வந்த குண்டு எலிகள் சாதாரண எலியைப் போல் மும்மடங்கு எடை. ஓயாத தீனி. இதில் ஆச்சரியம் என்ன என்பீர்கள். ஆச்சரியம் இனிமேல்தான் வருகிறது. அந்த எலிக்கு, ஒல்லியான அதன் உடன்பிறப்பு தின்னும் அளவை மட்டுமே அளந்து போட்டார்கள். அப்போதும் அதன் உடம்பில் கொழுப்புச் சேர்ந்தது! அதன் சரீரச் சூடும் குறைவு. குளிரில் வைத்தால் தாங்காது. அதாவது, அது வரவை அதிகமாக்கிக்கொண்டது மட்டுமல்ல, செலவையும் குறைத்துக்கொண்டிருந்தது. இந்தச் செலவு விஷயத்தை மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1960-களின் நடுவில் அதே இடத்தில் இன்னொரு ரகக் குண்டு எலி கிடைத்தது. இதற்கு நீரிழிவும் சேர்ந்து இருந்தது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான்.

டக்ளஸ் கோல்மன் என்று ஒருவர். கனடா தேசத்துக்காரர். ரசாயனம் படித்தவர். ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று 1958-ல் பார் ஹார்பருக்கு வந்தவர், 1991-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டார். அவர் ஒரு விபரீதமான பரீட்சை செய்தார். இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குள் கொஞ்சம் கலக்கும்படி செய்தார். படிக்கும்போது உங்களுக்குக் கூசுகிறதல்லவா? எனக்கும் கூசியது. ஆனால் அதில் தெரிந்த உண்மையை வேறு எப்படியும் அந்தக் காலத்தில் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

முதலில் இரண்டாவது ரகக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தார். குண்டு எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த சாதாரண எலிதான் தின்பதை நிறுத்திவிட்டது. எதிரே தீனி இருக்க, பட்டினியால் செத்துப்போயிற்று. பிறகு முதல் ரகக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தார். இந்தத் தடவை யாரும் சாகவில்லை. குண்டு எலி தீனியைக் குறைத்துக்கொண்டு அளவாக இருந்தது. கடைசியாக, இரண்டு குண்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்தார். இரண்டாவது ரகம் எப்போதும் போல் தின்றுகொண்டிருந்தது. முதல் ரகம் பட்டினி கிடந்து இறந்தது.

புதிர் போலத் தோன்றுகிறதா? கோல்மன் அதை அவிழ்த்த விதத்தை நம் பாஷையில் சொல்கிறேன். உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது மூளைக்கு அடிக்கடி ஒரு கடுதாசி எழுதுகிறது. "களஞ்சியத்தில் சரக்கு இவ்வளவு இருக்கிறது" என்பதுதான் கடுதாசியில் உள்ள சேதி. ரத்தம்தான் தபால்காரன். முதல் ரக எலிக்குக் கடுதாசி எழுதத் தெரியாது. வந்தால் படிக்கத் தெரியும். இரண்டாவது ரகத்துக்கு எழுதத் தெரியும், கட்டுக் கட்டாக எழுதும். ஆனால் படிக்கத் தெரியாது. அந்தக் கட்டையெல்லாம் பக்கத்திலிருந்த எலியின் மூளை படித்தது. "அடேயப்பா, இவ்வளவு சரக்கா! இனிமேல் சாப்பாடு எதற்கு?" என்று வாயை மூடிக்கொண்டுவிட்டது.

இவ்வளவும் யூகம்தான். அந்தக் கடுதாசி எந்தப் பொருளால் ஆனது என்று கோல்மனால் பிரித்தெடுத்துக் காட்ட முடியவில்லை. குண்டாவது முழுக்க முழுக்க நடத்தையில் உள்ள கோளாறு என்பதே அப்போது பெரும்பாலோர் நம்பிக்கை. எலிக்குக்கூட வைராக்கியம் போதவில்லை என்று நினைத்தார்கள் போலும்!

கடுதாசியைக் கையில் பிடித்தவர் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவர். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சர்வகலாசாலையில் 1986-ல் தேட ஆரம்பித்து, எட்டு வருஷம் தேடினார். 1994 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், இருட்டறையில் கழுவிய ஒரு ஃபிலிமில், தாம் தேடிய மரபணு கொழுப்பில் வேலை செய்வதைக் கண்டார். டிசம்பரில் உலகத்துக்குச் சொன்னார். கொழுப்பு உயிரணுக்கள் தயாரிக்கும் அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க பாஷையில் 'லெப்டோஸ்' என்றால் மெலிந்தது. அதுவரை கொழுப்பு என்றால் வேண்டாத மூட்டை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். தைராய்டு மாதிரி அதுவும் ஒரு சுரப்பி வேலை செய்கிறது என்பது பெரிய அதிசயமாக இருந்தது.

1995-ல் அந்த முதல் ரகக் குண்டு எலிகளுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். தின்பது குறைந்தது, உடம்பில் சூடு ஏறியது, ஓடியாடின, மளமளவென்று இளைத்தன. அதே வருஷம் ஒரு மருந்துக் கம்பெனி அந்த உரிமைக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. குண்டானவர்களின் கஷ்டமெல்லாம் ஓர் ஊசியில் தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஜாதி எழுதாமல் விடுமா?

மனிதர்களிலும் அப்படி ஓர் அதிசயம் நடந்தது உண்மை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி என்ற டாக்டர்கள் இரண்டு குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பாகிஸ்தானிலிருந்து அங்கே குடியேறிய குடும்பம். உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம். பெண்ணுக்கு எட்டு வயது. எடை 86 கிலோ. அவளுடைய உறவுப் பையனுக்கு இரண்டு வயது. எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடைதான். பிறகு பசி, பசி, எந்நேரமும் பசி. அந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்! குழந்தை சாப்பாட்டுக்கு அழுகிறது, கொடுத்தால் "இப்படியா ஊட்டி வளர்ப்பாள்?" என்று உலகம் ஏசுகிறது. பரிசோதித்ததில் அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பார் ஹார்பர் எலிக்கு இருந்த அதே கோளாறு. இது வெளியானது 1997-ல்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாவது வயதில் தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தபோது 94 கிலோவுக்கு மேல் இருந்தாள். வளரும் வயதில் ஒரே வருஷத்தில் 16 கிலோ குறைந்தாள். இப்படிப்பட்ட குழந்தைகளில் ஒருவனுக்கு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும், இஷ்டம் போல் சாப்பிடச் சொல்லி அளந்து பார்த்தார்கள். முன்பு ஒரே வேளையில் 1,100 கலோரிக்கு மேல் சாப்பிட்டவன், ஊசி போட்ட ஒரு வாரத்தில் 180 கலோரியோடு போதும் என்று எழுந்துவிட்டான். அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை, வைராக்கியம் கற்பிக்கவில்லை. வராத கடுதாசி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இத்தகைய குழந்தைகள் உலகத்திலேயே மிகச் சிலர். மற்றப்படி நீங்களும் நானும் அறிந்த குண்டானவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது எல்லோரும் திகைத்துப் போனார்கள். அவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகவும் ஜாஸ்தி. கொழுப்பு ஏற ஏற லெப்டினும் ஏறுகிறது. (ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்களுக்கு எப்போதுமே கூடுதல்.) கடுதாசி கட்டுக் கட்டாக வருகிறது; மூளை பிரித்துப் பார்க்காமல் பரணில் போட்டுவிடுகிறது. கோயில் வாசலில் குடியிருப்பவருக்கு மணிச் சத்தம் காதில் விழாமல் போகிறதல்லவா, அந்த மாதிரி. மேலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1999-ல் முடிவு வந்தது. சிலர் கொஞ்சம் இளைத்தார்கள், பலருக்குச் சொல்லும்படியாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கோடி டாலர் கம்பெனியின் கனவு அத்தோடு சரி.

"அப்படியானால் இந்த லெப்டின் எதற்குத்தான் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் நம் வீட்டுக்குள் வருகிறது.

உங்கள் வீட்டு அரிசி டிரம் நிறைந்திருக்கிறது. அதில் இன்னும் நான்கு படி கொட்டினால் நீங்கள் விசேஷமாக ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனால் மாசக் கடைசியில் ஆழாக்குக் கொட்டாங்கச்சியில் தட்டும் சத்தம் கேட்டதும் என்ன செய்கிறீர்கள்? உலையில் ஒரு பிடி குறைகிறது. சாம்பாரில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஏறுகிறது. பட்சணம் கிடையாது, விருந்தாளி வேண்டாம். உடம்பும் அப்படியே. டிரம் நிறைவதைப் பற்றி அது அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. குறையும்போதுதான் விழித்துக்கொள்கிறது. பல்லாயிரம் தலைமுறை பஞ்சத்தில் அடிபட்ட உடம்பு அல்லவா? லெப்டின் முக்கியமாகச் சொல்ல வந்தது "போதும்" என்ற சேதியை அல்ல, "குறைகிறது, ஜாக்கிரதை" என்ற சேதியை. ஜெஃப்ரி ஃப்ளையர் என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1996-ல் எலிகளைப் பட்டினி போட்டு இதைக் காட்டினார்கள். பட்டினியில் தைராய்டு சுரப்பு இறங்குகிறது, கர்ப்பம் தரிப்பதற்கான ஹார்மோன்கள் இறங்குகின்றன. கூடவே லெப்டின் ஊசி போட்டால் அவை அவ்வளவாக இறங்குவதில்லை. மூளை வயிற்றைப் பார்த்துப் பயப்படவில்லை. கடுதாசியைப் பார்த்துப் பயப்படுகிறது.

இன்னொன்று. மனிதர் பட்டினி கிடந்தால் லெப்டின் ஒன்றிரண்டு நாளிலேயே சரேலென்று விழுந்துவிடுகிறது. அதற்குள் கொழுப்பு பெரிதாகக் கரைந்திருக்காது. டிரம்மில் அரிசி இருக்கும்போதே, "கடைக்காரன் வரவில்லை" என்று வீட்டில் கலவரம் ஆரம்பமாகிறது.

உடம்பு எதில் சிக்கனம் பிடிக்க முடியும்? நாம் அசையாமல் படுத்திருந்தாலும் இருதயம் அடிக்கிறது. மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்கின்றன. உடம்பு சூடாக இருக்கிறது. நாம் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் இப்படிச் சும்மா இருக்கும்போதே போய்விடுகிறது. வீட்டு வாடகை மாதிரி. அந்த வாடகையைத்தான் உடம்பு குறைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் 1944, 45-ல் ஆன்ஸல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு பரீட்சை நடத்தினார். யுத்தத்தில் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள், ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு உதவும் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடையில் கால் பங்கு போயிற்று. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியோ ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது! கோடையிலும் குளிர்ந்தது, நாடி மெதுவாக அடித்தது. அதுவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத பையன்கள் சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்களாம். லெப்டின் என்ற பெயர் அப்போது பிறக்கக்கூட இல்லை.

என் அக்கா கதையை இப்போது சொல்லலாம். அவள் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அக்கா 78 கிலோ ஆனாள். அத்தானின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ, "மூன்றாவதா?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாளே அக்கா ஓர் எடை குறைப்பு நிலையத்தில் பணம் கட்டினாள். காலையில் ஓட்ஸ், மத்தியானம் இரண்டு சப்பாத்தி, ராத்திரி சூப். ஐந்து மாசத்தில் 66 கிலோ. அந்த நிலையத்துக்காரர்கள் அவளைப் படம் பிடித்து வாசலில் மாட்டினார்கள். வீட்டில் புதுப் புடவை, புது ரவிக்கை, ஒரே அமர்க்களம்.

ஆறு மாசம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. 68, 70, 73. அக்கா சாப்பாட்டை ஏற்றவில்லை என்று சத்தியம் செய்தாள். நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண், அக்காவின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மேடம், நீங்கள் எங்களிடம் எழுதுவது ஒன்று, வீட்டில் சாப்பிடுவது ஒன்று" என்றாளாம். வாசலில் மாட்டியிருந்த படத்தையும் எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஏண்டி, நான் என்ன திருடியா தின்கிறேன்?" என்று கேட்டாள். நாற்பது வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பாங்கியில் பிறர் பணத்துக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவள். அவளை இரண்டு சப்பாத்திக்குத் திருடி என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். இரண்டரை வருஷ முடிவில் இயந்திரம் 79 காட்டியது.

இதே ராக்ஃபெல்லரில் ருடால்ஃப் லைபல், மைக்கேல் ரோஸன்பாம் முதலியவர்கள் செய்த ஆராய்ச்சி 1995-ல் வெளிவந்தது. அதைப் படித்தால் அக்காவின் கணக்கு புரிகிறது. மனிதர்களை மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, அளந்த பானம் மட்டும் கொடுத்து, எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். இளைத்த உடம்புக்குச் செலவு குறைவது நியாயம்தான். சின்ன வீட்டுக்கு வாடகை குறைவு. ஆனால் அந்த நியாயத்தையும் தாண்டி, தினம் ஏறக்குறைய 300 கலோரி கூடுதலாகக் குறைந்திருந்தது. தசைகள் அதே வேலையைக் குறைந்த எண்ணெயில் செய்யப் பழகிக்கொண்டுவிட்டன.

கணக்கை நம் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். அக்காவின் எதிர்வீட்டு மாமிக்கு எப்போதும் 66 கிலோ. அக்காவும் இளைத்து 66 கிலோவுக்கு வந்தாள். இருவரும் ஒரே வயது, ஒரே உயரம் என்று வைத்துக்கொள்வோம். மாமி சாப்பிடுவதையே அக்காவும் சாப்பிட்டால், மாமி 66-லேயே நிற்பாள், அக்கா ஏறுவாள். மாமியைவிட அக்கா தினமும் இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் அல்ல, நாள் தவறாமல். அதுவும் மாமியைவிட அதிகப் பசியோடு! ஏனென்றால் லெப்டின் குறைந்ததும் மூளை இரண்டு வேலை செய்கிறது. ஒரு கையால் செலவைக் குறைக்கிறது; மறு கையால் பசியைத் தூண்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். இளைத்து ஒரு வருஷமான பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதற்கெல்லாம் லெப்டின்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? அதையும் பார்த்துவிட்டார்கள். இளைத்தவர்களுக்குக் கொஞ்சமாக லெப்டின் ஊசி போட்டு, இளைப்பதற்கு முன் இருந்த அளவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். இந்த முடிவு 2005-ல் வந்தது. தைராய்டு பழையபடி ஏறியது. செலவும் பெருமளவு பழைய நிலைக்கு வந்தது. குண்டாக இருப்பவருக்கு ஊற்றினால் காதில் விழாத லெப்டின், இளைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கிறது! எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் ஸ்வாரஸ்யமாகப் பட்டது இதுதான்.

அமெரிக்க டெலிவிஷனில் யார் அதிகம் இளைக்கிறார்கள் என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் 2009-ல் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து, கெவின் ஹால் என்பவர் 2016-ல் அளந்து வெளியிட்டார். சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், 41 கிலோ திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட, அவர்கள் உடம்பு தன் அளவுக்குச் செலவழிக்க வேண்டியதைவிட இன்னமும் தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. இது அசுரத்தனமான போட்டி; சாதாரணமாக இளைப்பவர்களுக்கு இவ்வளவு இருக்காது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "பதினாலு பேருமா திருடித் தின்றிருப்பார்கள்?" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நம் வீட்டுப் பெண்களுக்கென்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருக்கும்போது பழச்சாற்றிலேயே நாளை ஓட்டும் பெண்களைப் பார்க்கிறோம். திடீரென்று மாதவிடாய் நின்றுபோகிறது, தாயார் பதறிப்போகிறாள். லெப்டின் விழுந்தால் மூளை முதலில் ஒத்திப்போடும் காரியங்களில் அதுவும் ஒன்று. "வீட்டில் அரிசி இல்லாதபோது தொட்டில் எதற்கு?" என்பது உடம்பின் வாதம். கடுமையான உடற்பயிற்சியாலும் குறைந்த எடையாலும் மாதவிடாய் நின்றுபோன எட்டுப் பெண்களுக்கு அமெரிக்காவில் லெப்டின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் மூவருக்குக் கருமுட்டை வெளிவரத் தொடங்கியது. 2004-ல் வந்த சேதி இது. ஆகையால் உங்கள் பெண்ணுக்கு மாதவிடாய் தப்பினால், ஒல்லியானதற்கு மகிழ்ந்துபோகாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். அதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

லெப்டின் மாத்திரை என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: லெப்டின் ஒரு புரதம். வாயால் விழுங்கினால் பருப்பைப் போல் வயிற்றில் ஜீரணமாகிவிடும். உண்மையான லெப்டின் மருந்தை 2014-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. அது ஊசி, உடம்பில் கொழுப்பே தங்காத ஓர் அபூர்வ வியாதிக்கு. இளைப்பதற்கல்ல.

இளைத்த எடையை வருஷக்கணக்கில் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 1994-லிருந்து அமெரிக்காவில் அத்தகையவர்களைப் பதிவு செய்து கேள்வி கேட்டு வருகிறார்கள். பெரும்பாலோர் தினம் ஒரு மணி நேரம் போல நடை அல்லது வேறு உழைப்பு. காலைப் பலகாரத்தைத் தவறவிடுவதில்லை. வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். மேலே சொன்ன போட்டிக்காரர்களிலும், உடம்பை அசைப்பதைப் பெரிதும் கூட்டியவர்களே எடையைக் காத்துக்கொண்டார்கள். உடம்பு பிடிக்கும் சிக்கனத்தை அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அதிகம் வேண்டாம், எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்து அங்கேயே நின்றாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்குகின்றன. அக்காவின் டாக்டர் அம்மாள் அதைத்தான் இலக்காக வைத்திருக்கிறார். அக்கா இப்போது 74. தினம் சாயங்காலம் பீச்சில் நடக்கிறாள், சாதமும் சாப்பிடுகிறாள்.

2025-லிருந்து நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் வார ஊசிகளைப் பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். அவை லெப்டின் அல்ல. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் வேறொரு ஹார்மோனைப் போல் செய்யப்பட்டவை. பசியை நன்றாக அடக்குகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைப் போட்டு இளைத்து, பிறகு நிறுத்தியவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. 2022-ல் வந்த கணக்கு இது. ஆகவே ஊசிக்குச் சீட்டு எழுதும் டாக்டரிடம், எவ்வளவு குறையும் என்று கேட்கும்போதே, எத்தனை வருஷம் போட வேண்டும், நிறுத்தினால் என்ன செய்வது, மாசம் எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.